கிணற்றில் கிடைத்த புத்தரைப் பாகம் பிரிக்க முடியுமா?

கேள்வி: ரங்கூனில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்த சலவைக்கல் புத்தர்கள், அப்பா பாங்காக்கிலும் காட்மாண்டுவிலும் வாங்கிய வெண்கலங்கள் என்று எங்கள் வீட்டில் 14 சிலைகள். அதில் ஒரு முழ உயர புத்தர் மட்டும், நாகப்பட்டினம் வீட்டில் தாத்தா கிணறு வெட்டியபோது கிடைத்தது. அப்பா, அம்மா இருவரும் இல்லை, உயிலும் இல்லை. கடைசிவரை அவர்களைப் பார்த்துக்கொண்டது நான். இப்போது தம்பி எல்லாவற்றையும் பூட்டிவைத்துக்கொண்டு, ஒரு புரோக்கர் மூலம் விற்கப் பார்க்கிறான். பாகப்பிரிவினை வழக்கும் தடையாணையும் போடலாமா?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி தம்பியைப் பற்றியது. பெற்றோரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது பங்கைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. இருவருக்கும் சமபங்கு, அவ்வளவுதான். என்னை நிறுத்திய வரி ஒன்றே ஒன்று: ‘கிணறு வெட்டியபோது கிடைத்தது.’

மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். தாத்தா தெரிவித்ததற்குக் காகிதம் இருக்கிறதா? இல்லையென்றால், பங்கு போட நினைக்கும் பொருளே உங்கள் குடும்பத்துடையதா என்பது கேள்வி. ராஜராஜன் காலத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பிய ஊர் நாகப்பட்டினம். 1856 தொடங்கி அங்கே மண்ணிலிருந்து வந்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் மட்டும் சுமார் 350. நீங்கள் அனுப்பிய படத்தில் தலைமேல் தீச்சுடர் தெரிகிறது. பீடத்து மடிப்பில் பச்சைக் களிம்போடு மண் அப்பியிருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்தச் சிலைகளைப் பார்த்தவர்களுக்கு இது எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது வழக்கு போட்டால் என்ன ஆகும்? சொத்து அட்டவணையில் இந்தப் புத்தரை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். தம்பி கோபத்தில் போலீசுக்கு ஒரு மனு கொடுப்பார். என்னிடம் வந்த ஒரு அண்ணன் தம்பி வழக்கில் அப்படித்தான் நடந்தது. மகஜர் போட்டு எடுத்துப்போன சிலையை, துணி சுற்றி, அரக்கு முத்திரையோடு கோர்ட்டில்தான் அப்புறம் பார்த்தார்கள். இருவரில் யாருக்கும் அது திரும்பவில்லை. வாய்தாவுக்கு அலைந்ததுதான் மிச்சம்.

விற்பது அதைவிட மோசம். 100 வருடம் தாண்டிய சிலை, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பதிவுச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஆறு மாதம்வரை சிறை, சிலையும் பறிமுதல் ஆகலாம். புரோக்கர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: ‘சுவாமிமலையில் புதிதாக வார்த்தது என்று ஒரு பில் போட்டுக்கொள்ளலாம், வெளிநாட்டுக்குப் போய்விடும்.’ அந்தப் பில்லில் கையெழுத்துப் போடுபவர்தான் மாட்டுவார். ஏற்றுமதி செய்தாலோ முயன்றாலோ குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம். காலம் போனால் மறந்துவிடுவார்கள் என்றும் நினைக்காதீர்கள். 1961இல் நாளந்தா அருங்காட்சியகத்தில் திருடுபோன புத்தர் ஒன்றை 2018இல் லண்டனில் மீட்டார்கள்.

‘மற்றவை பர்மா, நேபாளச் சிலைகள்தானே’ என்று கேட்கிறீர்கள். எங்கே செய்தது என்பதை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது. தாத்தாவின் சலவைக்கல் புத்தர்கள் 100 வருடம் தாண்டியவையா என்று தொல்லியல் துறையிடம் கேட்டு, தாண்டியவற்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவான பிறகு ஹாலில் கண்ணாடி அலமாரியில் வைக்க ஒரு தடையும் இல்லை.

ஆகவே வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போங்கள். இதை மனதார, அழுத்தமாகச் சொல்கிறேன். பெரியவர் ஒருவரை வைத்து 13 சிலைகளையும் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று கூடக் குறைய ஆனாலும் விட்டுக்கொடுங்கள். கிணற்றுப் புத்தருக்கு மட்டும் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, ஒரு வழக்கறிஞர் மூலம் கலெக்டருக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். தாத்தா சொல்லாமல் விட்டதற்காக உங்களைத் தண்டிக்க மாட்டார்கள். தெரிந்த பிறகும் மறைத்தால், அது உங்கள் குற்றம். பழைய தேதி போட்டு ‘ரங்கூனில் வாங்கியது’ என்று கடிதம் தயாரிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அதுவரை அந்தச் சிலையைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். பீடத்து மண் அப்படியே இருக்கட்டும். தம்பிக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே.