ஆப்பில் அந்த வழி வராது

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு பள்ளியில் கணக்குக்கு ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை போடும் பதிலைப் பார்த்து அடுத்த கணக்கை அதுவே தேர்ந்தெடுக்கிறது. "ஒரே மாதிரி யோசிக்காமல் நெகிழ்வாகச் சிந்திக்க வைக்கும்" என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். அவளுக்கு எல்லாப் பாடத்திலும் பச்சை விளக்குதான். போன வாரம் 4(எக்ஸ் + 3) = 20 என்று ஒரு கணக்கு. அடைப்பை விரித்தாள், 12-ஐக் கழித்தாள், 4-ஆல் வகுத்தாள், எக்ஸ் = 2 என்றாள். "எடுத்த எடுப்பிலேயே 4-ஆல் வகுத்தால் சீக்கிரம் முடியுமே" என்றேன். "ஆப்ல அப்படி வராதுப்பா" என்று சொல்லிவிட்டாள். பள்ளியில் சொன்னதை நம்பலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள் போட்டதில் தப்பே இல்லை. விரித்துப் போடுவது இந்த வகைச் சமன்பாடு எதற்கும் செல்லும். நீங்கள் சொன்னது இந்த ஒரு சமன்பாட்டுக்கு வாகான வழி. இரண்டும் தெரிந்திருந்து, கணக்கைப் பார்த்த பிறகு எதை எடுப்பது என்று முடிவு செய்வதைத்தான் நெகிழ்வு என்கிறார்கள். என்னை உறுத்துவது அவள் போட்ட விதமல்ல, உங்களுக்குச் சொன்ன பதில்.

இந்த வகை ஆப்கள் பலவற்றுக்கும் மூலம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1995-இல் வெளியிட்ட ஒரு கணக்கீடு. பிள்ளைக்கு இது முன்பே தெரிந்திருக்குமா, இந்தக் கணக்கில் கற்றுக்கொண்டிருக்குமா, தெரிந்தும் கைதவறிப் போட்டதா, தெரியாமல் குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டதா என்று நான்கு நிகழ்தகவுகள். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் கூட்டிக் குறைத்து, "இவளுக்கு இது வந்துவிட்டது" என்பதன் வாய்ப்பு 0.95-ஐத் தொட்டால் அடுத்த பாடம். தொடாதவரை அதே வகைக் கணக்கு திரும்பத் திரும்ப வரும். உங்கள் வீட்டுப் பச்சை விளக்கும் அநேகமாக இதன் வழி வந்ததுதான். பிள்ளைக்கு வருமா வராதா என்று அது கேட்கும். எத்தனை வழியில் வரும் என்று கேட்காது.

ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உளவியலாளர் ஆப்ரஹாம் லூச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட ஒரு பழைய சோதனை இருக்கிறது. நம் வீட்டுப் பாத்திரங்களில் சொல்கிறேன். குடத்தில் 21 லிட்டர் பிடிக்கும், அண்டாவில் 127, சொம்பில் 3. சரியாக 100 லிட்டர் அளந்து தர வேண்டும். அண்டாவை நிரப்பி, ஒரு குடமும் இரண்டு சொம்பும் எடுத்துவிட்டால் 100. இதே சூத்திரத்தில் தீரும் கணக்குகளாக வரிசையாக ஐந்து கொடுத்தார். அப்புறம் இது: குடம் 23, அண்டா 49, சொம்பு 3, தேவை 20. குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்தால் தீர்ந்தது. ஆனால் முந்தைய ஐந்தையும் போட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் இதற்கும் அண்டாவைத்தான் தூக்கினார்கள். 49-இல் 23 போய், இரண்டு சொம்புக்கு 6 போய், 20. பதில் சரி. அந்தப் பயிற்சி இல்லாமல் நேராக இந்தக் கணக்குக்கு வந்தவர்களுக்குக் குறுக்கு வழி சாதாரணமாகக் கண்ணில் பட்டது. இதில் எனக்குப் பிடித்த இடம், சிலரிடம் தாளில் "குருடாக இருக்காதே" என்று எழுதிக்கொள்ளச் சொன்னது. அந்த ஒரு வரியிலேயே சிலர் விழித்துக்கொண்டார்கள்.

ஆப்பை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டால் விடை சரியாக இருந்தாலும் ஸ்டெப் மார்க் தரமாட்டார். கணினி வகுப்பறைக்குள் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் ஆளுக்கேற்ற பாடம் என்று காகிதத்திலேயே நடத்திப் பார்த்தார்கள். அதில் படித்த பென்னி என்ற பன்னிரண்டு வயதுப் பையனைக் கல்வி ஆய்வாளர் ஸ்டான்லி எர்ல்வாங்கர் உட்காரவைத்துப் பேசி, 1973-இல் எழுதினார். அவனுடைய ஆசிரியர் பார்வையில் அவனும் நன்றாகப் படிக்கும் பையன், தாள்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவன். பேசிப் பார்த்தால் 5/10 என்பது 1.5 என்கிறான், ஐந்தையும் பத்தையும் கூட்டிப் புள்ளி வைத்துவிட்டானாம்! அதைவிட முக்கியம், ஆசிரியர் ஒப்பிட்டுத் திருத்தும் விடைக்குறிப்பில் இருக்கும் வடிவத்திலேயே எழுதினால்தான் சரி, அதே மதிப்பை வேறு வடிவில் எழுதினால் தப்பு என்று புரிந்துவைத்திருந்தான். அவனுக்குக் கணக்கு என்றால் விடைக்குறிப்பு என்ன எதிர்பார்க்கிறது என்று யூகிப்பது. "ஆப்ல அப்படி வராதுப்பா" என்ற வரியைப் படித்ததும் எனக்கு பென்னிதான் நினைவுக்கு வந்தான்.

அதற்காக ஆப்பை அழித்துவிடாதீர்கள். தில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை மாலை மையங்களில் வைத்து கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் 619 மாணவர்களிடம் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்கள், நாலரை மாதத்தில், கிடைக்காதவர்களைவிடக் கணக்கில் 0.37 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) முன்னே போயிருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். காரணம் எளியது. வகுப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பல வகுப்பு பின்தங்கி நின்றார்கள். மென்பொருள் அவர்கள் நின்ற இடத்துக்கு இறங்கி வந்தது. ஓட்டையை அடைக்க இது நல்ல கருவி. பள்ளியில் உங்களுக்குச் சொன்னது வேறு சரக்கு.

அந்தச் சரக்குக்கு வழி தேடியவர்கள் பெத்தனி ரிட்டில்-ஜான்சனும் ஜான் ஸ்டாரும். 2007-இல் வெளிவந்த ஆய்வில் எழுபது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், உங்கள் மகளின் வயதுதான். ஒரு பாதிப் பேருக்கு ஒரே சமன்பாட்டின் இரண்டு தீர்வுகளை அருகருகே வைத்து, ஒப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மற்றப் பாதிக்கு அதே தீர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒப்பிட்டவர்கள்தான் சமன்பாடு தீர்ப்பதிலும் வழி தேர்வதிலும் முன்னே போனார்கள். இத்தனைக்கும் இரு பக்கமும் பார்த்த தீர்வுகள் ஒன்றேதான்!

மென்பொருளாலும் இதைச் செய்ய முடியும். அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் எரின் ஆட்மர் குழு செய்த 'ஃப்ரம் ஹியர் டு தேர்' விளையாட்டில் விடையே கேட்பதில்லை. ஒரு கணிதக் கோவையைக் கொடுத்து, அதை இன்னொரு வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறது. விரலால் எண்களை இழுத்து, கூட்டி, பிரித்துக்கொண்டு போகலாம். எத்தனை நகர்த்தலில் போய்ச் சேர்ந்தாய் என்பதற்குத்தான் மதிப்பெண். போய்ச் சேர வேண்டிய இடம் முதலிலேயே தெரிந்துவிடுவதால் பிள்ளைக்கு யோசிக்க மிஞ்சுவது வழி மட்டும்தான்.

ஆகவே பள்ளியில் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரே கணக்குக்கு இரண்டு வழிகளை இந்த ஆப் எங்காவது பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறதா? இல்லை என்றால் பச்சை விளக்கைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வீட்டில் பாருங்கள். இன்று ராத்திரி அவளிடம் 7(எக்ஸ் + 3) = 31 கொடுத்து, நீங்களும் உட்கார்ந்து உங்கள் வழியில் போடுங்கள். முதல் வரியிலேயே 31/7 வந்து, அதில் மூன்றைக் கழிக்க நீங்கள் திண்டாடுவீர்கள். அவள் 7 எக்ஸ் = 10 என்று முடித்துவிட்டுப் போவாள். ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கும்போதே போன வாரக் கணக்கைப் பக்கத்தில் எழுதிக் காட்டி, அங்கே ஏன் அப்பா முந்தினார் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.