நாற்பது படத்தையும் அனுப்ப வேண்டாம்

வணக்கம் அம்மா. உங்கள் மகளுக்கு ஓவியக் கல்லூரியில் இரண்டு வருடமாக இடம் கிடைக்கவில்லை, இன்னும் முயற்சி செய்யச் சொல்லலாமா, இல்லை வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் அனுப்பிய அதே 40 படங்களோடு ஆறு புதுப் படங்களைச் சேர்த்து இந்த வருடமும் அனுப்பினாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்தியது அதுதான். அதே கட்டை மறுபடி அனுப்பியதை நான் விடாமுயற்சியில் சேர்க்க மாட்டேன்.

பல கல்லூரிகள் 10 முதல் 20 படங்கள்தான் கேட்கின்றன. எண்ணிக்கை சொல்லாத இடத்திலும் அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் சுமாரான படம் ஒன்று இருந்தால் பக்கத்தில் இருக்கிற நல்ல படமும் மங்கிப்போகும், 'இந்தப் பெண்ணுக்கு எது நல்லது என்றே தெரியவில்லை' என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1935இல் படுத்திருக்கும் பெண் ஒருத்தியைப் பெரிதாக வரைந்தார். வரைய வரைய அதைப் புகைப்படம் எடுத்துவைத்தார், மொத்தம் 22 புகைப்படங்கள். வண்ணக் காகிதத்தை வெட்டி கான்வாஸில் குத்திப் பார்ப்பார், சரிவரவில்லை என்றால் எடுத்துவிடுவார். ஆரம்பத்தில் உடல் இயல்பான அளவில் இருக்கிறது, பின்னால் நாற்காலி, பூக்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. போகப்போக எல்லாம் தட்டையாகி, எளிமையாகி, கடைசியில் அந்த உடலும் நீலக் கட்டங்களும்தான் கண்ணில் நிற்கின்றன. அந்த 22 படங்களையும் மகளை வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள், நான் எவ்வளவு பேசினாலும் அதற்கு ஈடாகாது.

அப்புறம், 46 படங்களையும் தரையில் பரப்பச் சொல்லுங்கள். 'மூன்று வாரம் உழைத்தேன்' என்பதற்காக மட்டும் வைத்திருக்கிற படத்தை முதலில் கவிழ்த்து வைக்கட்டும். அழுகை வரும், வரட்டும். என்னிடம் வந்த மாணவன் ஒருவன் முதியவர் ஒருவரை முழு உருவமாக வரைந்திருந்தான், முகம் சொதப்பல், வேட்டி மடிப்பு சொதப்பல், ஆனால் தடியைப் பிடித்திருந்த கை அப்படியே உயிரோடு இருந்தது, நரம்பு புடைத்து, கட்டைவிரல் நகம் கொஞ்சம் உடைந்து. மற்றதை வெட்டிவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொள் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே கத்தரிக்கோலோடு வந்தான், அந்தக் கைதான் அவன் தொகுப்பில் முதல் படமாகப் போனது.

வரைந்த உடனே தன் குறை தன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரம் மூடி வைக்கட்டும், பிறகு கண்ணாடியில் பிடித்துப் பார்க்கட்டும். இடவலம் மாறும்போது கோணல்கள் பளிச்சென்று தெரியும், லியொனார்டோ டா வின்சியே தன் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொன்ன வழி இது.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாப் படத்தையும் 'அருமை' என்று சொல்லாதீர்கள், எதை எடுக்கலாம் என்றும் நீங்கள் சொல்லாதீர்கள். கழிக்கிற முடிவு அவளுடையதாகவே இருக்க வேண்டும். நாளைக்கு வேலைக்குப் போனால் வாடிக்கையாளர் பத்துத் தடவை திருத்தச் சொல்வார், அந்தப் பழக்கம் இப்போதே வரட்டும்.

வேறு படிப்பைப் பற்றி இந்த வருடம் முடிவெடுக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை, 15 படங்களோடு விண்ணப்பிக்கட்டும், அதில் பாதியாவது புதிதாக வரைந்ததாக இருக்கட்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். கழித்த படங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், அவள் எதையெல்லாம் கழித்தாள் என்று நான் பார்க்க வேண்டும்.