நரி வளைக்குப் பொறந்தவன் நாலாவது மாடியில

கேள்வி: எங்க வீடு அபார்ட்மென்ட்ல நாலாவது மாடி. மூணு வயசு ஜாக் ரஸ்ஸல் டெரியர், ஆண். பால்கனி தொட்டி மண்ணையெல்லாம் தோண்டிப் போடுறான், பேஸ்மென்ட் பார்க்கிங்ல எலிய பாத்தா கையில நிக்க மாட்டேங்குறான். ட்ரெய்னர் வந்து பாத்துட்டு அடம்புடிச்ச நாய்னு சொல்லிட்டார். நடக்கும்போது சில சமயம் பின்னங்கால தூக்கிக்கிட்டு நாலு எட்டு நொண்டுறான், அப்புறம் சரியாயிடுது. ரெண்டு நாளா எடது கண்ணு செவந்து தண்ணி வடியுது. என்ன பண்றது டாக்டர்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மொதல்ல கண்ணு. உங்க கடிதம் வந்த அன்னைக்கே ஃபோன்ல சொல்லிட்டேன், இந்த நாய் வளக்குற மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன். ஜாக் ரஸ்ஸலுக்கு கண்ணு செவந்தா மெடிக்கல் ஷாப்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்திட்டு பாக்கலாம்னு உக்காரவே கூடாது. லென்ஸ புடிச்சிட்டிருக்குற மெல்லிசான நார் அறுந்து லென்ஸ் எடம் மாறிடுற பரம்பரை வியாதி இதுக்கு உண்டு, பெரும்பாலும் 3 வயசுலேர்ந்து 8 வயசுக்குள்ள வரும், முன்பக்கமா நழுவிடுச்சுன்னா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி ஒரே நாள்ல கூட பார்வை போயிடலாம். கண்ண இடுக்குனாலும் சரி, நீலம் பாஞ்ச மாதிரி மங்குனாலும் சரி, அன்னைக்கே கண் பிரஷர் பாக்கச் சொல்லுங்க, பக்கத்து கிளினிக்ல முடியாதுன்னா ஹெப்பால் வெட்டினரி காலேஜ் மாதிரி பெரிய எடத்துக்கு தூக்கிட்டு ஓடுங்க. ஒரு கண்ணுல வந்தா பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் வரும், அதையும் சேத்து பாக்கணும்.

அடம்புடிச்ச நாய்னு சொன்னத படிச்சு எனக்கு மனசே கேக்கல. இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சிட்டிருந்த ஜான் ரஸ்ஸல், பின்னாடி டெவன்ல பாதிரியாரா இருந்தவர், 1819ல ஒரு பால்காரர்கிட்டேர்ந்து ட்ரம்ப்னு ஒரு வெள்ள பெட்ட நாய வாங்குனார், அங்கதான் இந்த வம்சத்தோட கதை தொடங்குது. நரி வளைக்குள்ள பூந்து கொரைச்சு நரிய வெளிய வெரட்டணும், அதான் வேலை. ரெண்டு கையாலயும் நெஞ்ச சுத்திப் புடிச்சா அடங்கணும், அப்பதான் வளைக்குள்ள நுழைய முடியும். நரின்னு நெனச்சு வேட்டை நாய்ங்க கடிச்சிடக் கூடாதுன்னு வெள்ள நெறத்த விரும்புனாங்க. மண்ணுக்கடியில போனப்புறம் எஜமான் குரல் கேக்காது, அதுவே முடிவெடுக்கணும், 200 வருஷமா அப்படி வளத்த புத்திய நாம இப்ப அடம்னு சொல்றோம். பழைய டப்புல மணல் நெரப்பி பிஸ்கட் பொதச்சு வைங்க, தோண்டட்டும், தொட்டி தப்பிக்கும். காலையில ஒரு மணி நேரம் நல்லா ஓட விடுங்க.

ஆனா எலி மட்டும் வேணாம்மா. எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதுகிட்டேர்ந்து மனுஷங்களுக்கும் ஒட்டும், அதனால வருஷா வருஷம் தடுப்பூசி. விஷம் தின்ன எலிய கடிச்சாலும் ஆபத்துதான். பேஸ்மென்ட்ல பெல்ட் இல்லாம விடாதீங்க.

நொண்டறது முழங்கால் சில்லு நழுவுறதா இருக்கும், சின்ன நாய்ங்களுக்கு சகஜம், கண்ணு காட்டப் போறப்பவே காலையும் காட்டிடுங்க, வெயிட் ஏற விடாதீங்க.

இன்னொண்ணு. அழகான ஆண் நாய்னு யாராவது ஜோடி சேக்கக் கேட்டு வருவாங்க. கண்ணுல அந்த வியாதி உறுதியாச்சுன்னா கண்டிப்பா வேணாம்னுடுங்க. இல்லன்னாலும் அந்த லென்ஸ் வியாதிக்கு டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் கோளாறு மறைஞ்சிருந்தா குட்டிங்கள்ல நாலுல ஒண்ணுக்கு வர வாய்ப்பு இருக்கு, ரெண்டு நாய்க்கும் டெஸ்ட் ரிப்போர்ட் பாக்காம சம்மதிக்காதீங்க.