ஏரி மீன்ல ஏன் மண்ணு வாடை? வாசகர் கேள்வி பதில்

போன தடவ கடல் மீன் பத்தி எழுதினேன், வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே கோவம். "நாங்க கடலே இல்லாத ஊர்ல இருக்கோம், எங்களுக்கு ஏரி மீன்தான் மீனு, அத பத்தி எழுதினா கை வலிக்குமா"ன்னு ஒருத்தர். நியாயம்தான். அதனால இந்த தடவ முழுக்க நல்ல தண்ணி மீன்.

எங்க ஊரு ஏரில பிடிக்கிற கட்லா, ரோகு மார்கழில வாங்கினா நல்லாருக்கு, அதே ஏரி மீன சித்திரைல வாங்கினா மண்ணு வாடைல வாய்ல வைக்க முடியல. மீன் சேத்த திங்குதுன்னு வீட்டுக்காரர் சொல்றார். புளி தூக்கலா போட்டா போயிடும்னு மாமியார் சொல்றாங்க. யார் சொல்றது சரி?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

மார்க்கு உங்க மாமியாருக்குத்தான் அம்மா. வீட்டுக்காரர் கோச்சுக்க வேணாம், நெறைய பேர் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க.

அந்த வாடைக்கு பேரு ஜியோஸ்மின். மழை விழுந்ததும் தரைலேர்ந்து ஒரு வாசனை வருமே, நாம கண்ண மூடி ரசிப்போமே, அதுலயும் இருக்கறது இதேதான். மண்ணுல வந்தா கவிதை, கொழம்புல வந்தா சண்டை. இத உண்டாக்குறது தண்ணில இருக்கற நீலப்பச்சைப் பாசியும், அடிச்சேத்துல வாழற ஒரு வகை பாக்டீரியாவும். இது மீனுக்குள்ள போறது முக்கியமா வாய் வழியா இல்ல, செவுள் வழியா. தண்ணில கரைஞ்சிருக்கறத மீன் மூச்சு விடறப்பவே இழுத்துக்கும், இழுத்து கொழுப்புல சேத்து வச்சுக்கும். அதனாலதான் வயித்துப் பக்கத்து சதைலயும் தோல்லயும் வாடை ஜாஸ்தி. நம்ம மூக்கும் லேசுப்பட்டது இல்ல, தண்ணில ஒரு லட்சம் கோடி பங்குக்கு பத்து பங்கு இருந்தாலே கண்டுபிடிச்சிடும்.

சித்திரைல ஏன் மோசம்னா, ஏரி வத்தி தண்ணி கொறையுது, வெயில் ஏறுது, ஆடு மாட்டு சாணிலேர்ந்து வயல் உரம் வரைக்கும் எல்லாம் அந்த கொஞ்ச தண்ணிலயே தங்கிடுது, பாசிக்கு விருந்து. தண்ணி கரும்பச்சையா இருந்தா அன்னிக்கு மீன் வாங்காதீங்க, அவ்ளோதான்.

இதுக்கு ஆராய்ச்சிக்காரங்க கண்ட வழி ரொம்ப எளிமை: பிடிச்ச மீன உடனே விக்காம, தீனி போடாம, சுத்தமான ஓடற தண்ணில உயிரோட சில நாள் விட்டு வைக்கறது. உள்ள போறதுக்கு சில மணி நேரம் போதும், வெளிய வர்றதுக்கு நாள் கணக்கா ஆகும், அதுவும் கொழுத்த மீனா இருந்தா இன்னும் லேட். அந்த நாள்ல மீன் எடை கொறையும்ங்கறதால நம்ம ஊர்ல யாரும் இத மெனக்கெட்டு செய்யறது இல்ல, வாங்கறவங்களும் கேக்கறது இல்ல. கேக்க ஆரம்பிச்சா செய்வாங்க.

இப்ப புளி. ஜியோஸ்மின் மேல புளிப்பு பட்டா அது உடைஞ்சு வாடையே இல்லாத வேற ஒண்ணா மாறிடும். புளி, எலுமிச்சை, வினிகர் எதுன்னாலும் சரி. லேப் வச்சு பாக்காமலே நம்ம பாட்டிங்க புளிக்கரைசல்ல மீன ஊற வச்சாங்கல்ல, அது இதுக்குத்தான். முழுசா போகாது, ஆனா சாப்பிடற அளவுக்கு வந்துடும். தோலையும் வயித்துக் கொழுப்பையும் எடுத்துட்டு செஞ்சு பாருங்க.

வளர்ப்பு மீனுக்கு ஊசி போடறாங்க, ஹார்மோன் போடறாங்க, கொழந்தைங்களுக்கு குடுக்காதீங்கன்னு வாட்ஸப்ல வருது. உண்மையா?
– ஒரு அப்பா, ஈரோடு

ஊசி உண்மை. ஆனா அது உங்க தட்டுல இருக்கற மீனுக்கு இல்ல, அதோட அம்மா அப்பாவுக்கு.

கட்லா, ரோகு, மிர்கால் மூணும் ஆத்து மீனு. மழைக்காலத்துல வெள்ளம் வந்தாத்தான் முட்டை விடும், கட்டிப்போட்ட குளத்துல எவ்ளோ சொகுசா வச்சாலும் விடாது. அதனால அந்தக் காலத்துல வங்காளத்து ஆறுகள்ல வலை கட்டி பொடிக்குஞ்சு பிடிச்சு, மண்பானைல தண்ணியோட ஊத்தி ரயில் ஏத்தி ஊர் ஊரா அனுப்புவாங்க. வழியெல்லாம் பானைய ஆட்டிக்கிட்டே வரணும், இல்லன்னா குஞ்சு மூச்சு முட்டி செத்துடும். வந்து சேர்றதுலயும் எது ரோகு எது கண்ட மீனுன்னு வளந்த பிறகுதான் தெரியும்.

இத மாத்தினவர் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி. ஒடிசால அங்குல்ங்கற ஊர்ல 1957 ஜூலை 10ஆம் தேதி, மீன் தலைலேர்ந்து எடுத்த பிட்யூட்டரி சுரப்பிய (முட்டை விட தூண்டற ஹார்மோன் அதுலதான் இருக்கு) அரைச்சு ஊசியா போட்டு குளத்து மீனையே முட்டை விட வச்சார். அந்த ஜூலை 10தான் இப்ப தேசிய மீன் வளர்ப்போர் தினம். இன்னிக்கு சுரப்பி அரைக்கற வேலை அனேகமா இல்ல, ரெடிமேட் மருந்து பாட்டில்லயே வருது, தாய் மீனுக்கு கிலோவுக்கு அரை மில்லி கூட தேவைப்படாது. ஒரு கிலோ ரோகு ரெண்டு லட்சம் முட்டை போல விடும், முக்கால் நாள்ல பொரிஞ்சிடும். நீங்க சாப்பிடறது அந்த ரெண்டு லட்சத்துல ஒண்ணு, அது ஊசியவே பாத்திருக்காது.

மறைக்காம இன்னொண்ணும் சொல்லிடறேன். ஜிலேபி மீன், அதாவது திலேப்பியா, கதை வேற. அது குளத்துல கணக்கில்லாம குஞ்சு பொரிச்சு எல்லாம் சுண்டு விரல் சைஸ்லயே நின்னுடும்ங்கறதால, குஞ்சா இருக்கறப்ப மொத மூணு நாலு வாரம் ஹார்மோன் கலந்த தீனி குடுத்து எல்லாத்தையும் ஆணாக்கிடுவாங்க. அப்புறம் அஞ்சாறு மாசம் சாதா தீனிலதான் வளருது, அதுக்குள்ள அந்த ஹார்மோன் ஒடம்ப விட்டு போயிடுதுன்னுதான் ஆய்வுகள் காட்டுது. என் வீட்ல சாப்பிடறோம். ஆனா அந்த ஹார்மோன் தூள கைல தொட்டு கலக்கற பண்ணை ஆளுங்க க்ளவுஸ், மாஸ்க் இல்லாம கலக்கறத பாத்தா எனக்கு வயித்த கலக்குது. வாட்ஸப்ல இத பத்தி ஒரு ஃபார்வர்டும் வர்றது இல்ல.

'கிஃப்ட் திலேப்பியா'ங்கற வேகமா வளர்ற ரகம் ஜீன மாத்தினதான்னும் கேட்டிருக்கீங்க. இல்ல. 1988ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்ச வேலை அது, நல்லா வளர்ற மீன தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து சேத்தாங்க, நல்ல விதை நெல்ல பொறுக்கற மாதிரி. நம்ம புவனேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்துல 'ஜெயந்தி ரோகு' கொண்டு வந்ததும் இதே முறைலதான்.

வேலைய விட்டுட்டு பயோஃப்ளாக்ல எறங்கலாம்னு இருக்கேன். பத்தாயிரம் லிட்டர் டேங்க் பத்து போட்டு விரால் வளர்க்கலாமா?
– ஒரு ஐடி தம்பி, ஓசூர்

தம்பி, மொதல்ல வேலைய விடாதீங்க.

பயோஃப்ளாக்ங்கறது டேங்க்ல நெருக்கமா மீன் வளர்க்கற ஒரு முறை. அதுல என்ன நடக்குதுன்னா, மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ பாக்டீரியா தின்னுட்டு பெருகும், அந்த பாக்டீரியா திரளைய, அதான் ஃப்ளாக், மீன் தின்னும். பாக்டீரியாவுக்கு சர்க்கரை வேணும், அதுக்குத்தான் வெல்லம் கரைச்சு ஊத்தறது. இதெல்லாம் சரி, ஆனா அந்த டேங்க்ல மீனும் மூச்சு விடுது, கோடிக்கணக்கான பாக்டீரியாவும் மூச்சு விடுது, காத்து மோட்டார் 24 மணி நேரமும் ஓடணும். நான் ஒரு தடவ சின்னதா ஒரு டேங்க் போட்டு பாத்தேன், ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் இருக்கு ஆனா டீசல் இல்ல, காலைல போய் பாத்தா மீன் பூரா மேல மெதக்குது. அந்த நாத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு.

விரால் காத்த நேரடியா வாய்ல வாங்கி சுவாசிக்கும், அதனால கரண்ட் போனாலும் கொஞ்சம் தாங்கும். ஆனா அதுக்கு ஃப்ளாக் பெருசா பிடிக்காது, கறி திங்கற ஜாதி, சைஸ் வித்தியாசம் வந்தா தம்பிய அண்ணன் முழுங்கிடும், வாரா வாரம் வலைல தரம் பிரிக்கணும். ஒரே ஒரு டேங்க் போடுங்க, ஜிலேபி விடுங்க, ஒரு தடவ அறுவடை பண்ணி நீங்களே கூவி வித்து பாருங்க. வளக்கறத விட விக்கறதுதான் பாடுன்னு அப்பத்தான் தெரியும். அரசு மானியம் 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 60 சதவீதம்ங்கறாங்க, ஆனா மானியத்த நம்பி கணக்கு போட்டவங்க யாரும் எனக்கு தெரிஞ்சு நிம்மதியா தூங்கல.

கடல் மீன் கெட்டா நாத்தமே காட்டிக் குடுத்துடும். ஏரி மீன்ல அது தெரியவே மாட்டேங்குதே?
– ஒரு வாசகி, வேலூர்

அருமையான கேள்வி, இத யாரும் கேட்டதே இல்ல. கடல் மீன் ஒடம்புல உப்புத்தண்ணிய சமாளிக்க ஒரு ரசாயனம் இருக்கும், மீன் செத்தா பாக்டீரியா அத உடைச்சு அந்த கவுச்சி நாத்தத்த கெளப்பும். நல்ல தண்ணி மீனுக்கு அந்த பிரச்சனை இல்லாததால அந்த ரசாயனம் அதுல ரொம்ப கம்மி. அதனால மூக்க மட்டும் நம்பாதீங்க. செவுள தூக்கி பாருங்க, செவப்பா இருக்கணும், பழுப்பா வழவழன்னு இருந்தா வேணாம். விரலால அமுக்கினா குழி நிக்கக்கூடாது. விக்கறவங்களுக்கும் ஒண்ணு, மீனுக்கு சம எடை ஐஸ், அதுவும் ஒடைச்ச ஐஸ், ஒரு அடுக்கு ஐஸ் ஒரு அடுக்கு மீன், உருகற தண்ணி வெளிய போகணும். காலைல பிடிச்சு மத்தியானம் ஐஸ் போட்டா அது ஐஸ் போட்டதே இல்ல.

மீன் கெடாம இருக்க ஃபார்மலின்ங்கற ரசாயனம் போட்டிருப்பாங்களோன்னு பயம் இருந்தா, கொச்சில இருக்கற மத்திய மீன் தொழில்நுட்ப நிலையம் ஒரு சின்ன பேப்பர் பட்டை கண்டுபிடிச்சிருக்கு, மீன் மேல தேச்சு மருந்து சொட்டு விட்டா கலர் மாறும்.

ரோகுல முள்ளு இல்லாத ரகம் வராதா?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

சீனால கெண்டைல ஒரு ஜீன நிறுத்தி குத்துமுள்ளே இல்லாத மீன லேப்ல உருவாக்கிட்டாங்க ஐயா, நம்ம சந்தைக்கு எப்ப வரும்னு கேக்காதீங்க. இப்போதைக்கு சதையையும் முள்ளையும் பிரிக்கற மெஷின் இருக்கு, அதுல வர்ற கொத்துக்கறில கட்லெட் போடலாம். வீட்ல பேரப்பசங்களுக்குன்னா விரால் வாங்குங்க, ஜிலேபி வாங்குங்க, அதுல அந்த ஒய் மாதிரி பிரியற குத்துமுள்ளு கெடையாது. ரோகுதான் வேணும்னா நெருக்கமா கீறல் போட்டு மொறுமொறுன்னு பொரிங்க, சின்ன முள்ளு தெரியாம போயிடும்.

மீன் கழுவற கழிவ என்ன பண்றது?
– ஒரு மாடித்தோட்டக்காரர், சேலம்

சம எடை வெல்லம் போட்டு பிசைஞ்சு டப்பால காத்து போகாம மூணு வாரம் மூடி வைங்க, தேன் மாதிரி ஒரு திரவம் வரும், அதான் மீன் அமிலம். பத்து லிட்டர் தண்ணிக்கு நூறு மில்லிக்கு மேல போகாதீங்க, செடி கருகும். மூடிய நல்லா இறுக்கிக் கட்டுங்க, எங்க தெரு பூனைங்க என் டப்பாவ ரெண்டு தடவ உருட்டி தள்ளிடுச்சு.