அற்பத் தகவல் என்று எதுவும் இல்லை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒரு சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறேன். மருந்துக் கடையில் எதற்குக் கைப்பேசி எண் கேட்கிறார்கள் என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் மணியடித்த பிறகும் எழுந்து போகவில்லை. அன்றுதான், என் முனைவர் பட்ட ஆய்வைத் தனிநபர் தரவுப் பாதுகாப்பில் செய்வது என்று தீர்மானித்தேன். ஆனால் துறையில் மூத்தவர் ஒருவர், "அது கம்ப்யூட்டர்காரர்கள் பாடம். ஐந்து வருடத்தில் எல்லாம் மாறிவிடும், உன் ஆய்வேடு பழைய பேப்பர் கடைக்குப் போகும்" என்கிறார். வீட்டிலும் தயங்குகிறார்கள். வாழ்நாள் முழுக்க ஒருவர் உழைக்கிற அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறதா? இத்தனை வருடம் படித்த ஒப்பந்தச் சட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

விஷயம் இருக்கிறது. ஒரு வாழ்நாள் போதாத அளவுக்கு இருக்கிறது. அதற்குச் சாட்சியாக ஒருவரை அழைக்கிறேன். பெயர் ஸ்பிரோஸ் சிமிடிஸ். 1934இல் ஏதென்ஸில் பிறந்து, ஜெர்மனிக்குப் போய் மார்பர்க்கில் சட்டம் படித்து, பிராங்பர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2023இல் மறைந்தவர். கிரேக்கத்தின் பிரதமராக இருந்த கோஸ்டாஸ் சிமிடிஸ் இவருடைய தம்பி. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் இவர் முதல் வரிசையில் இருப்பவர்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சிமிடிஸின் முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? ஒப்பந்தச் சட்டம். யாரும் கையெழுத்துப் போடாமல், வாய் திறந்து சம்மதம் சொல்லாமல், நடந்துகொண்ட விதத்திலிருந்தே உருவாகிவிடும் ஒப்பந்த உறவுகளைப் பற்றி எழுதினார். 1957இல் அது நூலாக வந்தது. அக்காலத்தில் ஜெர்மனியில் அது சூடான விவாதம். ஹாம்பர்க் நகரில் கட்டண நிறுத்துமிடம் ஒன்றில் காரை நிறுத்திய ஒருவர், "நான் உங்களோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை, காசு தர மாட்டேன்" என்று நின்றார். வழக்கு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. வண்டியை அங்கே நிறுத்தியதே போதும், காசைக் கொடு என்று 1956இல் தீர்ப்பு வந்தது.

அந்தக் கார்க்காரரை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அவரிடம் திரும்பி வருவேன்.

பிறகு சிமிடிஸ் தொழிலாளர் சட்டத்துக்கு வந்தார். காகிதத்தில் இரு தரப்பும் சமம், நிஜத்தில் ஒரு தரப்பின் கை ஓங்கியிருக்கும் என்பதைத் தொழிலாளர் சட்டம் படித்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கண்ணோடுதான் அவர் கணினியைப் பார்த்தார். இயந்திரத்தின் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைவிட, அதை வைத்திருப்பவருக்கு எதிரே நிற்பவர்மீது என்ன பிடி கிடைக்கிறது என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது. உங்கள் மூத்தவருக்கு இதுவே பதில். இயந்திரம் மாறும். அந்தப் பிடி மாறவில்லை.

பிராங்பர்ட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலம் 1970இல் உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒரு நாடு முழுமைக்குமான சட்டத்தை ஸ்வீடன் கொண்டுவந்தது அதற்குப் பிறகு, 1973இல்தான். ஹெஸ்ஸன் அரசு தன் நிர்வாகத் தகவல்களைக் கணினிகளில் ஒன்றுசேர்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. சேர்ப்பவரைக் கண்காணிக்க ஓர் ஆணையர் வேண்டும், அவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1975 முதல் 1991 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் சிமிடிஸ். பேராசிரியர் வேலையையும் அவர் விடவில்லை. ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். மருத்துவமனை, காவல் துறை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வோர் இடத்திலும் நடப்பதை நேரில் அறிந்துகொண்டு வந்து கோட்பாடு எழுதியவர் என்பதால்தான் அவருடைய எழுத்தில் காற்றில் மிதக்கிற வாக்கியம் குறைவு.

இங்கே சொல் ஒன்று நம்மைத் தவறான வழியில் இழுக்கிறது. 'தரவுப் பாதுகாப்பு' என்றதும் பூட்டு, சாவி, கடவுச்சொல் என்று மனம் ஓடுகிறது. இந்தச் சட்டம் பாதுகாக்க வந்தது தரவுக்குப் பின்னால் இருக்கும் ஆளை. என் தரவு பத்திரமாக, ஒரு திருடனும் தொட முடியாதபடி பூட்டி வைக்கப்பட்டிருந்தாலும், பூட்டி வைத்திருப்பவரே அதை எனக்கு எதிராகப் பயன்படுத்தலாம். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டீக்கடையில் எனக்கு வடை மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய விண்ணப்பப் படிவத்தின் நகல். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மாத வருமானம் எல்லாம் நீல மையில் குண்டு குண்டான எழுத்தில். வருமானம் என்ற கட்டத்தில் முதலில் ஒரு தொகை எழுதி, அடித்துவிட்டு, அதைவிடக் குறைவாக இன்னொன்று எழுதியிருந்தது. எண்ணெய் ஊறி அந்த அடித்தல் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்த மனிதர் அந்த ஒரு கணம் பேனாவோடு தயங்கியதை நான் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டியபோது, "பேரும் பொறந்த தேதியும்தானே சார், இதுல என்ன இருக்கு" என்றார்.

இதில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1983 டிசம்பர் 15 அன்று பதில் சொல்லிவிட்டது. அந்த ஆண்டின் வசந்தகாலத்தில் மேற்கு ஜெர்மனியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடப்பதாக இருந்தது. சேகரிக்கும் விவரங்களை உள்ளாட்சிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஓர் ஏற்பாடு. மக்கள் கொதித்தார்கள். படிவத்தை நிரப்ப மாட்டோம் என்று ஊர் ஊராகக் குழுக்கள் கிளம்பின. கணக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்னால் நீதிமன்றம் தடை விதித்தது. டிசம்பரில் வந்த தீர்ப்பு, தன்னைப் பற்றிய தகவல் எங்கே, யாரிடம், எதற்காகப் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அடிப்படையில் ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. தானியங்கிக் கணினிச் செயலாக்கம் வந்த பிறகு அற்பமான தகவல் என்று எதுவும் கிடையாது என்றும் சொன்னது. தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதது, இன்னொன்றோடு சேரும்போது ஓர் ஆளின் முழு உருவத்தைக் காட்டிவிடும். கணக்கெடுப்பு, சட்டத்தைத் திருத்திய பிறகு 1987இல்தான் நடந்தது.

அதே 1987இல் சிமிடிஸ் அமெரிக்கச் சட்ட ஆய்விதழ் ஒன்றில் எழுதிய நீண்ட கட்டுரையை எப்படியாவது தேடிப் படித்துவிடுங்கள். அந்தரங்கம் என்பது தனி ஒருவரின் கூச்சம் சம்பந்தப்பட்ட காரியம் இல்லை, எல்லோரையும் பாதிக்கும் மோதல் அது என்கிறார். அன்றாட நடவடிக்கைகள் நுணுக்கமாகப் பதிவாகும்போது, அந்தப் பதிவை வைத்தே மனிதர்களை ஒரு வார்ப்புக்குள் தள்ள முடியும், அப்போது குடியாட்சிக்கே கேடு என்கிறார். இணையம் வீட்டுக்கு வராத காலத்தில் எழுதியது. உங்கள் மூத்தவர் சொன்ன ஐந்து வருடம், அதற்குப் பிறகு எத்தனையோ முறை கடந்துவிட்டது. அந்தக் கட்டுரை பழைய பேப்பர் கடைக்குப் போகவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2023இல், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஹெஸ்ஸனில் ஆணையரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. நம் சட்டத்தில் அந்த ஆணையரின் இடத்தில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் மத்திய அரசு நியமிக்கிறது. அதே அரசு, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கும் தரலாம். அரசிடம் இருக்கும் தரவுதான் ஏழைகளைப் பற்றி அதிகம் பேசுகிறது என்பதால் இது என்னை வருத்துகிறது. இது ஒன்றே ஓர் ஆய்வுக்குத் தாங்கும்.

ஆனால் உங்களுக்கென்று நான் எடுத்துவைத்திருப்பது வேறு. அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சம்மதம் என்பது சுதந்திரமாக, விவரம் அறிந்து, தெளிவான செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவை, 7(அ)வைப் படியுங்கள். ஒருவர் தானாகவே தகவலைத் தந்து, சம்மதமில்லை என்று தெரிவிக்காமலும் இருந்தால், தந்த நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. அதற்குச் சட்டமே கொடுக்கும் உதாரணம் ஒரு மருந்துக் கடை! வாங்குகிறவர் தானாகவே விவரம் தந்து, ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்கிறார்.

நம் ஊர் மருந்துக் கடையில் யார் தானாகத் தருகிறார்கள்? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மாத்திரை வாங்க வந்தவரிடம், பில் போடும் பையன் தலை நிமிராமல் "நம்பர் சொல்லுங்க" என்கிறான். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். அவர் சொல்லிவிடுகிறார். அது தானாகத் தந்ததா? மறுக்காமல் இருந்தது சம்மதமா? ஹாம்பர்க் கார்க்காரர் வாய்விட்டு மறுத்தார். அவருக்கே ஒப்பந்தம் ஏற்பட்டது என்றார்கள். மறுக்கக்கூட வாய் வராத இவருக்கு என்ன சொல்வது?

இதற்குப் பதில் எழுத ஒப்பந்தச் சட்டம் தெரிந்தவர் வேண்டும். வகுப்பை விடாதீர்கள். ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவு முடிந்ததும் அனுப்புங்கள், உட்கார்ந்து படித்துக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்.