அக்கியும் வயிறும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 71 வயது. இடுப்பைச் சுற்றி அக்கி வந்து ஆறு நாள் ஆகிறது. நான்கு நாளாக மலம் போகவில்லை, வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். சின்னம்மை ஆறினாலும் அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் பதுங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது நரம்பின் வழியே இறங்கித் தோலில் கொப்புளமாக வெளிவரும், அதுதான் அக்கி. சிலருக்கு அது குடலை இயக்கும் நரம்புகளையும் பாதித்துவிடும். அப்போது உள்ளே எந்த அடைப்பும் இல்லாமலே பெருங்குடல் அசைவற்று நின்று, காற்றால் விரிந்துகொண்டே போகும். மிஞ்சினால் கிழியவும் கூடும். எக்ஸ்ரேயிலோ சிடி ஸ்கேனிலோ விரிவு தெரியும். அதுவரை வீட்டில் பேதி மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். அக்கி வலிக்குத் தரும் டிரமடால், அமிட்ரிப்டிலின் இரண்டுமே மலத்தைக் கட்டும். சிறுநீர் சரியாகப் போகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அடி இடுப்பு நரம்புகளில் அக்கி வந்தால் அதுவும் தடைபடலாம்.

கேள்வி: எனக்கு மூன்று நாள் வலது பக்க வயிற்றில் பயங்கர வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம்தான் கொப்புளம் வந்தது. முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா?

பதில்: கஷ்டம்தான். கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே வலி தொடங்கிவிடும். பித்தப்பை, குடல்வால் என்று சந்தேகம் போவது இயல்பு. ஒரு துப்பு உண்டு: சட்டைத் துணி லேசாக உரசினாலே தோல் எரியும், அதுவும் ஒரே பக்கம், நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்குவது நல்லது. உடனே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அக்கி ஆறிவிட்டது, ஆனால் அதே பக்கம் வயிறு புடைத்து நிற்கிறது. குடலிறக்கமா?

பதில்: மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் மட்டும் தளர்ந்து பிதுங்கினால், வயிற்றுச் சுவர்த் தசையின் நரம்பு பலமிழந்திருக்கலாம். உண்மையான குடலிறக்கம் இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும்.

கேள்வி: தடுப்பூசி உண்டா?

பதில்: உண்டு. 50 வயதுக்கு மேல், 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் ஆறியபின் போடலாம்.