இருமலை ஆங்கிலத்தில் சொல்வது

இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு முதுகலை படிக்க வந்து நான்கு மாதமான கோத்தகிரித் தம்பி ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஆங்கில வழியில் படித்தும், பாடநூல்களைத் தடையின்றி வாசிக்க முடிந்தும், எதிரில் ஆள் நின்றால் சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன, பேச்சு ஆங்கிலத்தை எப்படிச் சீராக்குவது என்பது முதற்கேள்வி. ஐந்து வாரமாக இருமல் விடவில்லை, அது எதனால் வருகிறது என்பது அடுத்தது. மருத்துவரிடம் நேரம் வாங்கத் தொலைபேசியில் ஆங்கிலம் பேச வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டு வருவதாகக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது.

நான் குன்னூர்க்காரி. 2004இல் செவிலியராக, லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயர் பகுதிக்குச் சென்று, அங்கேயே குடும்பமும் வீடும் அமைந்துவிட்டது. பொங்கலுக்காக அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். பள்ளத்துத் தேயிலையில் படிந்த உறைபனி இன்னும் உருகாத காலைப்பொழுதில் இதை எழுதுகிறேன்.

ஐந்து வாரமாகிவிட்டதால் இருமலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் உள்ள நரம்பு முனைகள் சளியையோ தூசியையோ உணர்ந்ததும் நாம் மூச்சை இழுக்கிறோம், குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன, உள்ளே அழுத்தம் சேர்கிறது, பிறகு அவை சட்டென்று திறந்து காற்று வெடித்து வெளியேறுகிறது. நுரையீரலைக் காக்க உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. சளிக்காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸ் போன பின்னும் அந்த நரம்பு முனைகள் சில வாரம் கூச்சத்தோடு இருப்பதால், குளிர்காற்று பட்டாலும் உரக்கச் சிரித்தாலும் இருமல் கிளம்பும். பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அது தானே அடங்கிவிடும். மூன்று வாரத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பது அந்நாட்டு மருத்துவச் சேவையின் அறிவுரை. எட்டு வாரத்தைத் தாண்டியதை நாள்பட்ட இருமல் என்று வகைப்படுத்துவார்கள். நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

காரணம் உங்கள் அறையிலேயே இருக்கக்கூடும். நிலவறையில் தங்கியிருப்பதாகவும், துணிகளை ரேடியேட்டர் மீது உலர்த்துவதாகவும், ஜன்னல் ஓரச் சுவர் கறுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சுவரில் தெரியும் அந்தக் கறுப்பு, ஓதத்தால் வந்த பூஞ்சையாக இருக்கும். ஐப்பசி மழையில் நம் மலைவீடுகளின் சுவரும் ஓதம் காத்துப் பூஞ்சை பிடிக்கத்தான் செய்கிறது; ஆனால் நம் ஓட்டுக்கூரையின் இடுக்குகளில் காற்று புகுந்து போகிறது. அங்கே கதவையும் ஜன்னலையும் இறுக அடைத்து வாழ்கிறோம். ஒரு நாளைக்கு இருமுறை பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறங்கள், துணியை வேறிடத்தில் உலர்த்துங்கள், பூஞ்சையைப் படம் எடுத்து வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இரவிலும் ஓடும்போதும் இருமல் கூடி, மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். சிலருக்கு விசில் இல்லாமல் இருமலாக மட்டுமே ஆஸ்துமா வெளிப்படும். படுத்ததும் தொண்டையில் சளி இறங்குவதுபோல் இருந்து அடிக்கடி தொண்டையைச் செருமினால் மூக்கின் பின்புறத்தைக் கவனிக்க வேண்டும். பகுதிநேர வேலை முடிந்து நள்ளிரவில் சாப்பிட்டு உடனே படுக்கிறவர்களுக்கு வயிற்று அமிலம் மேலேறியும் இருமல் வரும்.

மருந்தாலும் இருமல் வரும் என்பதை என் அப்பாவிடம் கண்டேன். ஓராண்டுக்கு மேலாக அவர் வறட்டு இருமல் இருமினார். குன்னூர் மூடுபனிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் தீர்மானித்துவிட்டோம். கற்பூரவல்லி, துளசி, சுக்கு, மிளகு எல்லாம் ஒரு சுற்று முடிந்தது. செவிலியரான நானும் விடுப்பில் வந்து கஷாயம் வைத்துக் கொடுத்தேனே தவிர, இரத்த அழுத்தத்துக்கு அவர் விழுங்கிய மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. எனலாப்ரில், ராமிப்ரில் போல ‘ப்ரில்’ என்று பெயர் முடியும் மாத்திரைகள் சிலருக்கு இப்படி இருமலைத் தரும். மருத்துவர் வேறு வகைக்கு மாற்றிய சில வாரத்தில் இருமல் நின்றது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

கக்குவான் இருமலைக் குழந்தைகளின் நோய் என்று ஒதுக்க முடியாது. 1907இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் தயாரித்த முத்தடுப்பு ஊசி அதற்கும் சேர்த்ததுதான் என்றாலும், சிறுவயது ஊசியின் காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். 2024இல் இங்கிலாந்தில் இந்த நோய் பரவலாகத் தலைதூக்கியது. காசநோயைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்காக நீங்கள் இந்தியாவிலேயே பரிசோதனை செய்துகொண்டுதான் சென்றிருப்பீர்கள். இருமல் என்று சொன்னால் விசாவுக்கு ஆபத்து என்று உங்கள் அறைத்தோழர்கள் பயமுறுத்துவதில் பொருளில்லை. காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் அங்கு எவருக்கும் இலவசம். தவிர, மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திவிட்டு மருத்துவரை அழைக்கத் தயங்குவது, பேருந்துச் சீட்டு வாங்கிவிட்டு நடந்து போவது போன்றது.

சளியில் இரத்தம், நெஞ்சுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் உடை நனையும் வியர்வை, மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 111 என்ற எண்ணை அழையுங்கள். மூச்சே விட முடியாத நிலையென்றால் 999. நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் விட்டு முகரலாம், ஆனால் சர்க்கரையில் சொட்டி விழுங்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், யூகலிப்டஸ் எண்ணெய் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

இனி ஆங்கிலம். நமக்கு இலக்கணம் போதாது என்பது தவறான கணிப்பு. குன்னூர் மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவர் படகரிடம் படுகுவிலும், கூடலூர்க்காரரிடம் மலையாளத்திலும், மைசூரிலிருந்து வருகிறவரிடம் கன்னடத்திலும் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர் எந்த வகுப்புக்கும் போகவில்லை. கூடையில் இருந்த கேரட்டை மாலைக்குள் விற்றாக வேண்டும் என்பதால் பேசினார். உங்களிடம் இப்போது விற்கவேண்டிய சரக்கு ஒன்று இருக்கிறது, அது இந்த இருமல்.

அதிலிருந்தே தொடங்குவோம். ‘ஐ ஆம் ஹேவிங் காஃப் சின்ஸ் ஃபைவ் வீக்ஸ்’ என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். ‘ஐவ் ஹேட் எ காஃப் ஃபார் ஃபைவ் வீக்ஸ்’ என்பதே சரி. ‘ஃபார்’, ‘சின்ஸ்’ குழப்பத்துக்குத் தமிழிலேயே விடை உண்டு: ‘ஐந்து வாரமாக’ என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’, ‘டிசம்பரிலிருந்து’ என்று ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. ‘காஃப்’ என்பதன் கடைசி ஒலியை உதட்டைப் பல்லில் தொட்டு ஊதி நிறுத்துங்கள். நாம் வழக்கமாகச் சேர்க்கும் உகரத்தைச் சேர்த்து ‘காஃபு’ என்று சொன்னால் எதிரே இருப்பவர் காபி கேட்கிறீர்களோ என்று திகைப்பார். சளிக்கான ‘ஃப்ளெம்’ என்ற சொல்லில் எழுத்தில் உள்ள ‘ஜி’ ஒலிக்காது.

ஒலிகளைவிட அழுத்தம் முக்கியம் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலக் காது எடை கூடிய அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறது. ஹோட்டல் என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அவர்கள் இரண்டாவதை. ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் சொன்னால், மருந்தளவைப் பேசும் இடத்தில் அது சிறிய பிழையாக இருக்காது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவர் தொலைபேசியில் ‘இஸ் ஹி பிரிங்கிங் எனிதிங் அப்?’ என்று கேட்டார். அவர் எதையும் மேல்தளத்துக்குக் கொண்டுவரவில்லை என்று நான் பதில் சொன்னேன். இருமும்போது சளி வருகிறதா என்பதுதான் கேள்வி. அன்று ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ் கைகொடுக்கவில்லை. மறுநாள் வார்டில் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது இருபது ஆண்டாக மறக்கவில்லை. உங்களிடமும் இதே கேள்வி வரும். கூடவே ‘டிரையா, செஸ்ட்டியா’ என்பார்கள்: வறண்ட இருமலா, சளி இருமலா என்று பொருள். யார்க்ஷயரில் ‘டீ’க்கு வாருங்கள் என்று யாராவது அழைத்தால், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்பதற்காகத் தேநீர் மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், பல வீடுகளில் அது மாலைச் சாப்பாடு.

அன்றாடப் பயிற்சிக்கு நான் இரண்டைத்தான் சொல்வேன். உள்ளூர் வானொலியில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சியைக் கேட்டு, ஒரு வாக்கியம் வந்ததும் அதே ஏற்ற இறக்கத்தில் திருப்பிச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும், கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். வாரம் ஒரு பிற்பகல், பழைய பொருள்களை விற்று அறப்பணிக்குப் பணம் திரட்டும் தொண்டுக் கடையில் தன்னார்வலராக உதவுங்கள். அங்கே வரும் முதியவர்கள் அவசரப்படாமல் பேசுவார்கள், திரும்பக் கேட்டாலும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். தமிழ் அறைத்தோழர்களை விட்டு விலகச் சிலர் அறிவுரை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், குளிர்காலத்தில் ரசச்சோறும் துணையும் தேவை.

தொலைபேசி அழைப்பை முதலில் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் நான்கு வாக்கியமாக எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை வாரம், சளி உண்டா, எப்போது கூடுகிறது, என்ன மருந்து எடுத்தீர்கள். காலை எட்டு மணிக்கு இணைப்புகள் திறந்தவுடன் அழையுங்கள். வரவேற்பாளர் காரணம் கேட்பது யாரிடம் அனுப்புவது என்று முடிவுசெய்யத்தான். அதை வம்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புரியாவிட்டால் ‘சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?’ என்றால் போதும். உடல் மிகவும் முடியவில்லையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

தை கடைசியில் லீட்ஸ் திரும்புகிறேன். உங்கள் வீட்டில் கஷாயப் பொடி கொடுத்தனுப்பினால் கொண்டுவருகிறேன்; ஆனால் அதை வாங்க வரும்போது மருத்துவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.